தொன்மங்கள் கூடிய மண்டபம்

பெங்களூரில் நிருபதுங்கா சாலை வழியாகத் தினமும் போய்வருகிறவர்களில் பலர் டாலி நினைவு மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். உள்ளே போயிருக்க மாட்டார்கள். நூறாண்டைக் கடந்த அந்தக் கட்டடத்தில்தான் மிதிக் சொசைட்டி இயங்குகிறது. 1909ல் தொடங்கிய சங்கம் அது. பெயரைத் தமிழாக்கினால் தொன்மவியல் சங்கம் என்று வரும். கல்வெட்டு, நாணயம், ஊர் வரலாறு என்று தரையில் கால் ஊன்றி வேலை செய்யும் ஒரு நிறுவனத்துக்குத் தொன்மத்தின் பெயர் எப்படி வந்தது? இந்த மலருக்கு எழுதும்படி கேட்டபோது என் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி அதுதான். அதற்கு விடை தேடப் புகுந்தால் ஊழிவெள்ளம் வருகிறது, மிதக்கும் குடம் வருகிறது, ஆற்றில் விடப்பட்ட குழந்தை வருகிறது, கடைசியில் ஹெப்பாளில் கிடைத்த ஒரு கல்லும் வருகிறது.

1909ல் பெங்களூர் இரண்டு ஊராக இருந்தது. பேட்டை மைசூர் மகாராஜாவின் ஆட்சியில். அல்சூரையும் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய கண்டோன்மெண்ட் ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்தில். கண்டோன்மெண்ட் தெருக்களில் அன்று அதிகம் கேட்ட மொழி தமிழ். படையோடு வந்தவர்கள், படைக்குச் சாமான் கொடுத்தவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் அங்கே வேரூன்றி இரண்டு மூன்று தலைமுறை ஆகியிருந்தது. அந்தப் பகுதிக்குக் கலெக்டராக இருந்த எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ்தான் சங்கத்தைத் தொடங்க முன்நின்றவர். சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி. பின்னால் 1918ல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியர் அவர் எழுதியது. சேலத்துக்காரர்கள் இன்றும் தங்கள் ஊர்ச் செய்தி தேடிப் புரட்டுகிற நூல். கிராம தெய்வங்கள்மீது அவருக்கு இருந்த ஈடுபாடு வெறும் அதிகாரியின் ஆவல் என்று சொல்லிவிட முடியாது. வேலூர் வட்டத்து ஊர்த்தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இந்தச் சங்கத்தின் காலாண்டிதழில்தான் வந்தது.

அவரோடு நின்றவர் ஏ.எம். தபார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பல ஆண்டுகள் சங்கத்தின் தலைவராக இருந்து அதைக் கட்டிக் காத்தவர். நோவாவின் பேழையை வேதமாகப் படித்து வளர்ந்த ஒரு கத்தோலிக்கக் குருவும், மீன் வடிவில் வந்த பெருமாளைத் தினமும் வழிபடுகிற பண்டிதரும் ஒரே மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து பேசக்கூடிய இடம் அன்றைய தென்னிந்தியாவில் எத்தனை இருந்திருக்கும்? மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவும் சங்கத்துக்குக் கிடைத்தது. மைசூரில் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ டாலியின் பெயரில் 1917ல் மண்டபம் எழுந்தது. அப்போது அந்தச் சாலைக்கு சினடாஃப் சாலை என்று பெயர். 1791ல் திப்புவின்மேல் தொடுத்த போரில் மாண்ட ஆங்கிலப் படையினருக்கு நட்ட நினைவுத்தூணால் வந்த பெயர் அது. தூண் 1964ல் போனது. சாலை இப்போது ராஷ்டிரகூட மன்னன் நிருபதுங்கனின் பெயரைத் தாங்குகிறது. கன்னடத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூலான கவிராஜமார்க்கம் அவனுடைய அவையில் பிறந்தது.

1909 என்ற ஆண்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மைசூரில் ஆர். சாமசாஸ்திரி அர்த்தசாஸ்திரத்தின் மூலத்தை அச்சேற்றிய ஆண்டு அது. வியன்னாவில் ஓட்டோ ராங்க் என்ற இளைஞர், நாயகன் பிறக்கும் கதையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். உலகக் கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசை அந்தக் காலத்தின் காற்றிலேயே கலந்திருந்தது. அதைக் கிளப்பிவிட்டவர் ஜார்ஜ் ஸ்மித். வங்கித்தாள் அச்சிடத் தகடு செதுக்கும் தொழில் கற்றவர். நினிவே நகரில் தோண்டி எடுத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் குவித்திருந்த களிமண் பலகைகளைத் தாமாகவே படித்துப் பழகினார். 1872 டிசம்பர் 3 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் எழுந்து, அவற்றில் ஒன்றில் ஊழிவெள்ளக் கதை இருக்கிறது என்று வாசித்துக் காட்டினார். கில்காமேஷ் காவியத்தின் பதினோராம் பலகை அது. விவிலியத்துக்கு வெளியே, அதைவிடப் பழைய ஏட்டில், கப்பல் கட்டி உயிர் தப்பிய ஒருவன் பறவைகளைப் பறக்கவிட்டு நிலம் தேடுகிறான். அன்றைக்குத் தொடங்கிய பரபரப்புதான் முப்பத்தேழு ஆண்டு கழித்துப் பெங்களூர் கண்டோன்மெண்ட் வரைக்கும் வந்து ஒரு சங்கத்துக்குப் பெயர் சூட்டியது என்று நான் நினைக்கிறேன்.

வெள்ளத்தில் எது தப்புகிறது?

ஒப்பிடுகிறவன் முதலில் ஒற்றுமையில் மயங்குகிறான். மயங்கத்தான் வேண்டும். அந்தப் பலகையில் வரும் பாபிலோனிய உத்னபிஷ்டிம் முதலில் புறாவை விடுகிறான், பிறகு தகைவிலான் குருவி, கடைசியில் காக்கை, காக்கை திரும்பவில்லை. நோவா முதலில் காக்கையை விடுகிறார், அப்புறம் புறா. இரண்டு கதையிலும் கப்பல் மலையில் தட்டுகிறது, இரண்டிலும் இறங்கியதும் வேள்வி. சதபத பிராமணத்தில் மனு கைகழுவும்போது அகப்பட்ட சின்ன மீன் வளர்ந்து பெரிதாகி, அவருடைய கப்பலைத் தன் கொம்பில் கட்டி வடமலைக்கு இழுத்துப் போகிறது. அங்கேயும் வேள்விதான்.

ஆனால் காரணம் கேட்டுப் பாருங்கள், கதைகள் பிரிந்துவிடும். விவிலியத்தில் மனிதர் செய்த தீமை. அத்ரஹாசிஸ் என்ற மெசபொத்தேமியக் கதையில் மனிதர் போட்ட கூச்சல்; தெய்வத்தால் தூங்க முடியவில்லை. சதபத பிராமணத்தில் காரணமே சொல்லப்படவில்லை. வெள்ளம் வரும், அவ்வளவுதான். மீனுக்கு அது தெரியும். எல்லாம் அழிந்த பிறகு மனு தனியாக நிற்கிறார். அவர் நீரில் இட்ட நெய்யும் தயிரும் திரண்டு இடை என்ற பெண்ணாக எழுகின்றன. அவள் வழியாக மனித குலம் தொடர்கிறது. நோவா மனைவியோடும் மக்களோடும் மருமக்களோடும் இறங்கியவர். மனுவுக்குத் துணை யாருமில்லை. இந்தத் தனிமையை ஒப்பீட்டு நூல்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஜேம்ஸ் ஃப்ரேசர் 1918ல் மூன்று தொகுதியாக வெளியிட்ட விவிலிய நாட்டாரியல் நூலில் உலகத்து வெள்ளக் கதைகளை மலைபோல் குவித்தார். குவியலுக்குள் ஒவ்வொரு கதையின் குரலும் அடங்கிப் போகிறது.

பாகவதம் இதே மீன் கதையைத் தெற்கே கொண்டுவருகிறது. அங்கே மன்னனின் பெயர் சத்தியவிரதன். திராவிட நாட்டின் அரசன். கிருதமாலை ஆற்றில் நீர்க்கடன் செய்துகொண்டிருந்தபோது கையில் மீன் வருகிறது. கிருதமாலை என்பது வைகை. வடமலையில் முடிந்த கதை மதுரைக்கு அருகே தொடங்குகிறது என்று யாரோ ஒருவர் துணிந்து எழுதியிருக்கிறார். கதைக்கு ஊர் மாற்றுவது என்பது அதைத் தன் வீட்டுக்குக் கூட்டி வருவது.

தமிழர் தாமாகச் சொன்ன வெள்ளக் கதைகளோ வேறு வகை. இறையனார் களவியல் உரை மூன்று சங்கம் சொல்கிறது: தலைச்சங்கம் 4,440 ஆண்டு, இடைச்சங்கம் 3,700, கடைச்சங்கம் 1,850. முதலிரண்டும் இருந்த மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டது. இந்தக் கதையில் கப்பல் கிடையாது. எச்சரிக்கும் மீன் கிடையாது. யார் தப்பினார்கள் என்ற பேச்சே பெரிதாக இல்லை. என்னென்ன நூல்கள் போயின, எந்தெந்த நாடு போயிற்று என்பதுதான் உரைகாரர்களின் துயரம். உலகத்து வெள்ளக் கதைகள் பலவற்றில் உயிரின் விதையைக் காப்பாற்றுகிறார்கள். நம்முடைய கதையில் ஏடு தொலைந்ததற்காக அழுகிறார்கள். புலவர் கூட்டம் கட்டிய கதை அது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அந்தக் கடல்கோளை மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் நடுவே லெமூர் விலங்குகள் பரவியதை விளக்க 1864ல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் கற்பித்த லெமூரியாவோடு முடிச்சுப் போட்டது பிற்காலம். அந்த முடிச்சை நான் ஏற்கவில்லை. புவியியல் அதற்கு இடம் தரவில்லை. கதை ஏடு இழந்தவனின் துக்கமாகவே நிற்கட்டும். அதற்குக் கண்டம் ஒன்று கடன் வாங்கித் தர வேண்டியதில்லை.

கோயில்கள் சொல்வது இன்னொரு விதம். சீர்காழிக்கு இருக்கும் பன்னிரண்டு பெயர்களில் தோணிபுரம் ஒன்று. ஊழியில் உலகம் மூழ்கியபோது இறைவன் அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாக உடுத்தி, உமையோடு தோணியில் ஏறி வந்தார். தோணி தங்கிய இடம் சீர்காழி. கோயிலின் மேல்தளத்தில் தோணியப்பரை இன்றும் பார்க்கலாம். மதுரைக்கு ஆலவாய் என்ற பெயர் வந்த கதையைத் திருவிளையாடல் சொல்கிறது: வெள்ளம் வடிந்த பிறகு நகரத்தின் எல்லை எதுவென்று பாண்டியனுக்குத் தெரியவில்லை, இறைவன் அனுப்பிய பாம்பு வாலை வாயில் கவ்வி வட்டமாகச் சுற்றிக் காட்டியது. வெள்ளம் போன ஊரில் முதல் பிரச்சினை நில எல்லை என்பது வயல்காரனுக்குத் தெரியும். இந்தக் கதையைச் சொன்னவனும் வயல் பக்கத்தில் வாழ்ந்தவன்தான்.

கும்பகோணத்தில் படகுக்குப் பதில் குடம். அமுதமும் படைப்பின் விதைகளும் அடங்கிய கும்பம் ஊழி நீரில் மிதந்து தெற்கே வருகிறது. வேடனாக வந்த சிவன் அம்பெய்து அதை உடைக்கிறார். சிந்திய இடங்கள் கோயிலும் குளமும் ஆகின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மகாமகக் குளத்தில் இறங்குகிற கூட்டம், கடைசியாக 2016ல் இறங்கியது, இந்தக் கதையின் ஈரத்தில்தான் இறங்குகிறது. டேவிட் ஷுல்மன் 1980ல் எழுதிய தமிழ்த் தலபுராணங்கள் பற்றிய நூலில் இதை அழகாகக் காட்டியிருக்கிறார்: தமிழ்க் கோயில் கதைகளில் வெள்ளத்தைத் தாண்டி நிற்பது தலம். அரராத் மலை நோவாவுக்கு இறங்குதுறை மட்டும்; அங்கிருந்து மக்கள் உலகமெல்லாம் பிரிந்து போகிறார்கள். சீர்காழியிலிருந்து யாரும் போகவில்லை. எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள்.

இங்கே சாக்கோட்டை எஸ். கிருஷ்ணசுவாமி அய்யங்காரைச் சொல்லாமல் போக முடியாது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பாடம் நடத்தியவர், மிதிக் சொசைட்டியோடு நெருங்கிய தொடர்புடையவர், 1914ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுப் பேராசிரியர் ஆனவர். அவர் பிறந்த சாக்கோட்டை கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். தேவாரப் பாடல் பெற்ற திருக்கலயநல்லூர் அது; உடைந்த கும்பத்தின் ஒரு பகுதி தங்கிய இடமென்று தலபுராணம் சொல்கிற ஊர். அமுதகலசநாதர் கோயில் மணி கேட்டு வளர்ந்தவர், சங்க இலக்கியத்தை வரலாற்று ஆதாரமாக உலகம் ஏற்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். உ.வே. சாமிநாதையர் 1898ல் மணிமேகலையை அச்சேற்றியிருந்தார். அய்யங்கார் 1928ல் அதை வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஒரு நூல் எழுதினார். புகாரைக் கடல் கொண்ட செய்தி அந்தக் காப்பியத்தில் வருகிறது. மகனைத் தேடும் துயரில் சோழன் இந்திர விழாவை மறந்தான், விழா நின்றது, கடல் வந்தது. பாவமோ கூச்சலோ அங்கே காரணமில்லை. ஊர் கூடிச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதே காரணம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பூம்புகார்க் கரையில் நின்று அந்தப் பகுதியைப் படித்தவர்களுக்கு அது வெறும் கதையாக இருக்காது.

ஆறில்லாத ஊரின் கதை

பெங்களூருக்கு வெள்ளத் தொன்மம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. இருக்கக் காரணமும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், பெரிய ஆறு எதுவும் இல்லாத மேட்டு நிலம். மழை நீரை ஏரி ஏரியாகத் தடுத்து, ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிய, அப்படி வாழ்ந்த நாடு இது. இந்த நாட்டின் பயம் நீர் வராமல் போவது. அதனால் இங்கே பிறந்த பெரும் கதை 'கெரெகெ ஹார'. கன்னட நாட்டுப்புறப் பாடல். ஏரிக்குப் பலி என்று பொருள். ஊர்த்தலைவன் ஏரி வெட்டுகிறான், ஒரு சொட்டு ஊறவில்லை. மருமகள்களில் ஒருத்தியைப் பலி கொடுத்தால் நீர் வரும் என்கிறார்கள். இளைய மருமகள் பாகீரதி குறிக்கப்படுகிறாள். அவளுக்குத் தெரிகிறது. தாய் வீட்டுக்குப் போகிறாள், தோழி வீட்டுக்குப் போகிறாள், வந்து ஏரிக்குள் படி இறங்குகிறாள். அவள் இறங்க இறங்க நீர் காலைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு ஏறுகிறது. போரிலிருந்து திரும்பிய கணவன் விஷயம் அறிந்து அதே ஏரியில் விழுகிறான்.

அவளுக்குப் பெயர் பாகீரதி. வானத்திலிருந்து கங்கையை இறக்கிய பகீரதனின் பெயர். பேரரசன் தவமிருந்து கொண்டுவந்த நீரை இங்கே ஒரு வீட்டுப் பெண் உயிர் கொடுத்துக் கொண்டுவருகிறாள். பாடலைக் கட்டியவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துதான் வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன். கெம்பேகவுடர் கோட்டை வாசலுக்காகத் தன்னையே பலி கொடுத்ததாகச் சொல்லப்படும் அவருடைய மருமகள் லட்சுமிதேவியின் கதையும் இதன் உடன்பிறப்பு; அவளுக்குக் கோரமங்கலாவில் நினைவிடம் இருக்கிறது. இதே கதையை ருமேனியாவில் ஆர்ஜேஷ் மடாலயம் கட்டிய கொத்தன் மனோலேயின் மனைவிக்கும், கிரேக்கத்தில் ஆர்த்தா பாலம் கட்டிய கொத்தனின் மனைவிக்கும் பாடுகிறார்கள். சுவர் நிற்கவில்லை, பாலம் நிற்கவில்லை, உள்ளே ஒருத்தியை வைத்துக் கட்டுகிறார்கள். எல்லாவற்றிலும் கொடுக்கப்படுவது இளம் மனைவி. ஏன் எப்போதும் அவள்? வெளியூரிலிருந்து வந்தவள், குடும்பத்தில் கடைசியாகச் சேர்ந்தவள், கேட்க ஆளில்லாதவள். இந்த ஒற்றுமைக்குக் காரணம் தேட மொழிக்குடும்பம் வேண்டாம், குடும்பம் போதும்.

சீனத்து வெள்ளக் கதை பெங்களூருக்கு மிகப் பொருத்தமானது. அங்கே கப்பலே இல்லை. தந்தை குன் அணை போட்டுப் பார்த்துத் தோற்கிறார். மகன் யூ வாய்க்கால் வெட்டி நீரைக் கடலுக்கு வழிவிடுகிறார். பதின்மூன்று ஆண்டு அலைந்தார், தன் வீட்டு வாசலை மூன்று முறை கடந்தும் உள்ளே போகவில்லை என்பார்கள். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர்ப் பக்கமும் மூழ்கி, அலுவலகத்துக்குப் போகிறவர்கள் டிராக்டரில் ஏறிப் போனபோது எனக்கு யூ நினைவு வந்தார். ஏரிக்கு ஏரி நீர் கொண்டுபோன ராஜகாலுவைகளை அடைத்துக் கட்டிய நகரம் இது. பாகீரதி உயிர் கொடுத்து வரவழைத்த நீருக்குப் போக வழி இல்லை.

படைப்புக் கதைகளைப் பற்றி இங்கே கொஞ்சமே சொல்கிறேன். அது தனி மலருக்கான பொருள். புருஷனின் உடல் பகுக்கப்பட்டு உலகம் ஆனதை ரிக்வேதம் சொல்கிறது. யமிரின் உடலிலிருந்து உலகம் செய்ததை வடஐரோப்பியக் கதையும், பான்குவின் உடலிலிருந்து மலையும் ஆறும் ஆனதைச் சீனக் கதையும் சொல்கின்றன. அதே ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், எப்படித் தொடங்கியது என்று மேலிருந்து பார்ப்பவனுக்கே தெரியுமோ தெரியாதோ என்று கேட்டு நிறுத்திக்கொள்ளும் பாடலும் இருக்கிறது. தெலுங்கு, கன்னட நாட்டார் கதையில் ஆதிசக்தி முட்டையிட்டு மும்மூர்த்திகளைப் பெறுகிறாள். ஃபின்லாந்தின் கலேவலாவில் நீர்த்தாயின் முழங்காலில் வாத்து இட்ட முட்டை உடைந்து வானமும் மண்ணும் ஆகிறது. இதைவிட எனக்குப் பிடித்தது மைசூரில் பிறந்த தமிழர் ஏ.கே. ராமானுஜன் எடுத்துக்காட்டிய கன்னட நாட்டார் ராமாயணம். அதில் ராவணனே கருவுற்று, தும்மலில் சீதையைப் பெறுகிறான். கன்னடத்தில் 'சீத' என்றால் தும்மினான். இந்தப் பிறப்பு கன்னடத்தில் மட்டுமே நடக்க முடியும். தமிழில் சொன்னால் கதை நின்றுவிடும். ஒரு மொழியின் ஒரு சொல்லுக்குள் ஒரு பிறப்பு.

நாயகர்களும் நடுகற்களும்

ஓட்டோ ராங்க் 1909ல் எழுதிய நூலில் கர்ணன் இருக்கிறான். சார்கோன், மோசே, ஈடிபஸ், ரோமுலஸ் வரிசையில் அவனையும் வைத்தார். சார்கோனைத் தாய் நாணல் கூடையில் வைத்துக் கீல் பூசி ஆற்றில் விட்டாள். மோசேக்கும் நாணல் கூடைதான், கீல்தான். கர்ணனுக்குப் பெட்டி, அசுவ நதியிலிருந்து சர்மண்வதி, யமுனை, கங்கை என்று மிதந்து சம்பா நகரம் சேர்கிறது. விவிலியத்தின் எபிரேய மூலத்தில் நோவாவின் பேழைக்கும் மோசேயின் கூடைக்கும் ஒரே சொல். ஊழிவெள்ளமும் கைவிடப்பட்ட குழந்தையும் ஒரே பேழையில் பயணம் செய்கின்றன. ஆனால் ராங்கின் வரிசையில் பெரும்பாலோர் அரசனாகவோ மக்களைக் காப்பவனாகவோ உயர்கிறார்கள். கர்ணன் அந்த வழியில் போகவில்லை. அவன் தாயைக் கண்டுகொள்கிறான், தம்பிகளை அறிகிறான், அறிந்த பிறகும் தன்னை எடுத்து வளர்த்தவர்கள் பக்கமும் சோறு போட்டவன் பக்கமும் நிற்கிறான். வரிசையில் அவனைச் சேர்த்தது சரி. வரிசையை விட்டு அவன் வெளியேறும் இடத்தில்தான் மகாபாரதம் தொடங்குகிறது.

காப்பிய நாயகர்களை உலகத்தோடு ஒப்பிட்டுத் தமிழாய்வில் நிகழ்ந்த பெரிய காரியம் இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதியுடையது. 1968ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவருடைய ஆங்கில நூல் புறப்பாடல்களைக் கிரேக்க, அயர்லாந்து வீரப் பாடல்களோடு வைத்துப் பார்த்தது. அயர்லாந்தின் மிகப் பெரிய வீரகாவியத்தின் பொருள் ஒரு காளையைக் கவர வந்த படையெடுப்பு. இலியாதில் கிழவர் நெஸ்தோர் இளமையில் மாடு பிடித்த பெருமை பேசுகிறார். மகாபாரதத்தில் விராட மன்னனின் பசுக்களைக் கௌரவர் கவர்கிறார்கள். நமக்கு வெட்சியும் கரந்தையும். மாட்டைக் கவர்ந்தவனும் மீட்டவனும் நாயகர்கள். மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயில் இறந்த மன்னனைப் புல்லில் கிடத்தி வாளால் கீறி, போரில் மாண்டவன் போல வீரசுவர்க்கத்துக்கு அனுப்பிய வழக்கத்தைப் புறநானூறு அறியும். ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஒரு பழங்கதையில் ஓடின் படுக்கையில் சாகும்போது தன் உடலில் ஈட்டி முனையால் குறியிட்டுக்கொள்கிறான். காவிரிக்கும் வடகடலுக்கும் நடுவே இதை யார் சுமந்து போயிருக்க முடியும்? யாரும் வேண்டாம். வெறும் படுக்கையில் சாவதற்கு அஞ்சியவர்கள் இரண்டு கரையிலும் இருந்தார்கள்.

பெங்களூரின் நாயகர்கள் கல்லில் இருக்கிறார்கள். மைசூர்த் தொல்லியல் துறையில் பி.எல். ரைஸ் தொகுத்த கல்வெட்டுத் தொகுதிகளில் ஒன்பதாவது, பெங்களூர் மாவட்டத்துக்கானது, 1905ல் வந்தது. மிதிக் சொசைட்டி பிறப்பதற்கு நான்காண்டு முன்பு. பேகூர்க் கல்வெட்டு அந்தக் காலத்திலேயே படிக்கப்பட்டது: சுமார் 890ல் 'பெங்களூர்' போரில் நாகத்தரனைச் சார்ந்த ஒருவன் மாண்ட செய்தி. இந்த நகரத்தின் பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவது ஒரு சாவுச் செய்தியில். 2018ல் ஹெப்பாளில் வெளிப்பட்ட கல் இன்னும் பழையது, சுமார் 750. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில் ராஷ்டிரகூடரின் தாக்குதலை எதிர்த்து மாண்ட கிட்டய்யா என்பவனுக்கு நட்ட வீரகல். பெங்களூரில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் மனிதர்களில் ஒருவன் அவன். தொல்காப்பியம் கல் தேர்வதிலிருந்து நீராட்டி நட்டுப் படையலிட்டு வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொன்ன சடங்கு, இந்த மேட்டு நிலத்திலும் நடந்திருக்கிறது.

சங்கத்தின் தொடக்க காலத்துக் குறை ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. அன்றைய ஒப்பாய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆங்கிலம் படித்தவர்களுக்குள் நடந்தது. அடுத்தவன் நம்பிக்கை தொன்மம், தன் நம்பிக்கை சமயம் என்ற கோடு பலர் எழுத்தில் ஓடியது. நம்மவர்களும் பதிலுக்குத் தொன்மத்தை வரலாறு என்று நிறுவுவதில் முனைந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் தொன்மம் என்றால் ஏதோ குறை என்ற எண்ணம் இருந்தது. இடையில் காலாண்டிதழ் தொடர்ந்தது. உலகத்து ஒப்பீடு குறைந்து மைசூர், தென்னிந்திய வரலாறு மேலோங்கியது. 2009ல் நூறாண்டு நிறைந்தது. 2021ல் பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண வருடியால் பதிவு செய்யும் திட்டத்தைச் சங்கம் தொடங்கியது. தெருவோரத்தில், கோயில் மதிலில், வடிகால் ஓரத்தில் கிடக்கும் கல்லைத் தேடிப் போய், கண்ணுக்குத் தெரியாத எழுத்தைக் கருவியால் மீட்கிறார்கள். தொன்மத்தை விட்டுக் கல்லுக்கு வந்துவிட்டார்கள் என்று சிலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கில்காமேஷும் உடைந்த பலகையிலிருந்து எழுத்தெழுத்தாக வந்தவன்தான்.

தமிழர்களுக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. ரைஸ் தொகுத்த பெங்களூர், கோலார்த் தொகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைய. தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. ஊருக்குத் தும்பலூர் என்றும் தெய்வத்துக்குச் சொக்கப்பெருமாள் என்றும் பெயர். மதுரையில் சொக்கன் சிவன். இங்கே சொக்கன் திருமால். அந்த எழுத்தைப் படிக்க நம் பிள்ளைகளில் நான்கு பேர் முன்வந்தால், இந்த மலர் போட்ட செலவு முழுதும் வரவாகிவிடும்.

டாலி மண்டபத்திலிருந்து திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயில் வெகு தூரமில்லை. திகளர் என்பது கன்னடத்தில் தமிழரைக் குறித்த பழைய சொல். தமிழகத்திலிருந்து வந்து தோட்டப்பயிர் செய்த குடிகள் அவர்கள். சித்திரைப் பௌர்ணமி இரவில் அங்கிருந்து கரகம் புறப்படுகிறது. கரகம் என்றால் குடம். பூவால் மூடிய அந்தக் குடம்தான் திரௌபதி. காப்பியத்தின் நாயகி சுவர்க்கம் போகிற வழியில் திமிராசுரனை அழித்து, தன் வீரகுமாரர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்தாள் என்பது அவர்கள் கதை. பெண் வேடம் பூண்ட பூசாரி குடத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கி, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ, பேட்டைத் தெருக்களில் வருவார். தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் கரகம் போகும். விடியும்வரை மல்லிகை வாசம் இருக்கும்.

அந்த நேரம் டாலி மண்டபம் பூட்டியிருக்கும். உள்ளே அலமாரியில் ரிச்சர்ட்ஸின் கட்டுரை தாங்கிய இதழும், ரைஸின் ஒன்பதாம் தொகுதியும் இருட்டில் இருக்கும். வெளியே குடம் நடந்துகொண்டிருக்கும்.